1973 அக்டோபர் 20: ஓர் ஆணை, மூன்று அதிகாரிகள், ஒரு விதிமுறை

1973ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் ஓர் அரசு வழக்கறிஞரைப் பணியிலிருந்து நீக்க ஆணையிட்டார். அணு ஆயுதப் படைகளுக்குக் கட்டளையிடும் அதிகாரம் பெற்றிருந்த அவர், இந்த ஒரு நீக்கத்துக்காக நீதித்துறையின் (நீதிமன்றங்கள் அல்ல, அரசின் வழக்குகளை நடத்தும் நிர்வாகத் துறை) அதிகாரிகளை ஒருவர் பின் ஒருவராக நாட வேண்டியிருந்தது. துறையின் தலைவர் மறுத்துப் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் மறுத்து வெளியேறினார். மூன்றாம் இடத்தில் இருந்தவர் கையெழுத்திட்ட பிறகே ஆணை நிறைவேறியது. அமெரிக்கப் பத்திரிகைகள் ‘சனிக்கிழமை இரவுப் படுகொலை’ என்று பெயரிட்ட இந்நிகழ்வு வாட்டர்கேட் ஊழலின் ஒரு திருப்பமாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆனால், அதிபர், அமைச்சரவை, நிர்வாகத் துறைகள் ஆகிய மூன்றுக்கும் இடையே அதிகாரம் எந்த வழியாகப் பாய்கிறது, எங்கே தடைபடுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் நிகழ்வு அமெரிக்க வரலாற்றில் அரிது. அந்தக் கோணத்திலிருந்தே இந்த ஆய்வு அதை அணுகுகிறது.

அமைச்சரவை எதன்மீது நிற்கிறது

அமைச்சரவை என்றொரு அவையை நிறுவும் பிரிவு எதுவும் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கிடையாது. ஒவ்வொரு நிர்வாகத் துறையின் முதன்மை அதிகாரியிடமிருந்தும் அவரது கடமைகள் தொடர்பான கருத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம் என்று மட்டும் அதன் 2ஆம் உறுப்பு அதிபருக்கு அதிகாரம் அளிக்கிறது. துறைகளை உருவாக்குவது அதிபர் அல்லர், நாடாளுமன்றமே. 1789இல் கூடிய முதல் நாடாளுமன்றம் வெளியுறவு, போர், கருவூலம் ஆகிய துறைகளைச் சட்டம் இயற்றி நிறுவியது. அதே ஆண்டு அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் பதவியும் உருவானது. ஆனால் அவருக்குக் கீழே நீதித்துறை என்றொரு துறை அமைய 1870 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிக்சன் காலத்தில் 11 ஆக இருந்த துறைகளின் எண்ணிக்கை இன்று 15.

இந்திய முறைக்குப் பழகிய வாசகர் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் துறைத் தலைவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு கிடையாது. அமைச்சரவைக் கூட்டத்தில் எடுக்கப்படும் வாக்கு அதிபரைக் கட்டுப்படுத்தாது. 1967இல் ஏற்கப்பட்ட 25ஆவது திருத்தத்தின்படி, அதிபர் பணியாற்ற இயலாத நிலையில் உள்ளார் என்று துணை அதிபரோடு சேர்ந்து அறிவிப்பது மட்டுமே துறைத் தலைவர்களின் பெரும்பான்மைக்கு அரசமைப்பு வெளிப்படையாக அளித்துள்ள கூட்டு அதிகாரம்.

அப்படியானால் ஒரு துறைத் தலைவரின் வலிமை எங்கிருந்து வருகிறது? அமைச்சரவை மேசையைச் சுற்றிப் போடப்பட்ட நாற்காலியிலிருந்து அது வருவதில்லை. நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்கள் பல அதிகாரங்களை அதிபரிடம் அன்றி, துறைத் தலைவரின் பதவியிடமே நேரடியாக ஒப்படைக்கின்றன. நீதித்துறையைப் பொறுத்தவரை, கூட்டரசின் குற்ற வழக்குகளை நடத்தும் அதிகாரமும், அதற்குத் துணையாகக் கீழ்நிலை அதிகாரிகளை நியமிக்கும் அதிகாரமும் அட்டர்னி ஜெனரலுக்குச் சட்டத்தால் தரப்பட்டவை. அதிபர் அந்த அட்டர்னி ஜெனரலை எந்த நேரத்திலும் நீக்கலாம். 1926இல் மையர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதிசெய்தது. ஆனால் அந்த நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருக்கும் வரை, சட்டம் கேட்பது அவருடைய கையெழுத்தைத்தான். இந்தச் சிறிய இடைவெளியில்தான் 1973இன் நெருக்கடி முழுவதும் நிகழ்ந்தது.

ஒரு நியமனமும் ஒரு வாக்குறுதியும்

1972 ஜூன் 17 அன்று ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகம் அமைந்திருந்த வாட்டர்கேட் வளாகத்தில் ஐந்து பேர் அத்துமீறி நுழைந்து பிடிபட்டனர். விசாரணை படிப்படியாக வெள்ளை மாளிகையை நெருங்கியது. 1973 ஏப்ரல் 30 அன்று நிக்சனின் நெருங்கிய உதவியாளர்களான ஹால்டெமனும் எர்லிக்மனும் விலகினர்; அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் கிளைண்டின்ஸ்டும் விலகினார். அந்த இடத்துக்கு, அப்போது பாதுகாப்புத் துறையின் செயலராக (துறைத் தலைவருக்கு அங்கே வழங்கும் பெயர்) இருந்த எலியட் ரிச்சர்ட்சனை நிக்சன் முன்மொழிந்தார்.

துறைத் தலைவர்களை நியமிக்க செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியை வெறும் சடங்காகக் கருதுவோர் உண்டு. இந்த நிகழ்வில் அது சடங்காக இருக்கவில்லை. சுதந்திரமாகச் செயல்படும் ஒரு சிறப்பு வழக்கறிஞரை நியமிப்பதாக ரிச்சர்ட்சன் உறுதியளித்த பிறகே செனட் அவருக்கு ஒப்புதல் அளித்தது. அவர் தேர்ந்தெடுத்தவர் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ். கென்னடி காலத்தில் சொலிசிட்டர் ஜெனரலாக (உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் அதிகாரி) இருந்த காக்ஸ், ரிச்சர்ட்சனுக்கு ஹார்வர்டில் ஆசிரியராகவும் இருந்தவர்.

வாக்குறுதி வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. அதை நீதித்துறையின் விதிமுறையாக எழுதி அரசிதழில் வெளியிட்டார் ரிச்சர்ட்சன். அதிபர் மீதும் அவரது பணியாளர்கள் மீதும் எழும் குற்றச்சாட்டுகளை விசாரிக்கும் அதிகாரம் சிறப்பு வழக்கறிஞருக்கு உண்டு. அவருடைய முடிவுகளில் அட்டர்னி ஜெனரல் தலையிட மாட்டார். அசாதாரணமான முறைகேடு எதிலும் அவர் ஈடுபட்டாலொழிய அவரைப் பதவியிலிருந்து அகற்ற முடியாது. இவையே அதன் உள்ளடக்கம். துறைத் தலைவர் தமக்குச் சட்டம் தந்த அதிகாரத்தின் ஒரு பகுதியைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்ட ஆவணம் இது. பின்னால் நடந்த எல்லாவற்றையும் தாங்கி நின்றது இந்த விதிமுறைதான் என்பது என் கருத்து. அந்த இரவைப் பற்றிய விவரிப்புகளில் பலவும் மனிதர்களின் துணிவை மட்டுமே பேசி, இந்த விதிமுறையைப் போகிற போக்கில் குறிப்பிட்டுச் செல்கின்றன. துணிவு நின்று பேசுவதற்கு ஓர் இடத்தைத் தந்தது இந்த ஆவணமே.

ஒலிநாடாக்கள்

ஜூலை 16 அன்று செனட் விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்த, நிக்சனின் உதவியாளராக இருந்த அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு, வெள்ளை மாளிகை உரையாடல்கள் ஒலிநாடாவில் பதிவு செய்யப்படுகின்றன என்ற செய்தியை வெளியிட்டார். ஒரு வாரத்துக்குள் ஒன்பது உரையாடல்களின் பதிவுகளைக் கேட்டு காக்ஸ் அழைப்பாணை அனுப்பினார். நிக்சன் மறுத்தார். மாவட்ட நீதிபதி ஜான் சிரிக்கா, நாடாக்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு ஆகஸ்ட் 29 அன்று ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபர் 12 அன்று அதை உறுதிசெய்தது.

உச்ச நீதிமன்றத்தை நாடுவதற்குப் பதிலாக வெள்ளை மாளிகை ஓர் இடைவழியைத் தேடியது. நாடாக்களின் எழுத்து வடிவத்தை நிக்சன் தரப்பு தயாரிக்கும். மிசிசிப்பி மாநிலத்தின் மூத்த செனட்டர் ஜான் ஸ்டெனிஸ் நாடாக்களைக் கேட்டு அதைச் சரிபார்ப்பார். காக்ஸ் இனி வேறு நாடாக்களையோ ஆவணங்களையோ கேட்டு நீதிமன்றம் செல்லக் கூடாது. ஸ்டெனிஸ் நேர்மையாளராக மதிக்கப்பட்டவர். ஆனால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எல்லோரும் அறிந்தது. நீதிமன்றம் ஏற்கும் சான்றை விட்டுவிட்டு ஒரு சுருக்கத்தைப் பெற்றுக்கொள்ள காக்ஸ் இசையவில்லை. வருங்கால வழக்குகளுக்கும் கதவை அடைக்கும் நிபந்தனையை ரிச்சர்ட்சனாலும் ஏற்க முடியவில்லை.

நாட்டின் நிலைமையும் சாதாரணமாக இல்லை. அக்டோபர் 6 அன்று மேற்காசியாவில் போர் மூண்டிருந்தது. அக்டோபர் 10 அன்று துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ வரி ஏய்ப்பு வழக்கில் பதவி விலகியிருந்தார். அவருக்குப் பதிலாக முன்மொழியப்பட்ட ஜெரால்டு ஃபோர்டு இன்னும் ஒப்புதல் பெறவில்லை. அதாவது அந்தச் சனிக்கிழமையில் அமெரிக்காவுக்குத் துணை அதிபரே இல்லை. வெளியுறவுச் செயலர் ஹென்றி கிசிஞ்சர் மாஸ்கோவில் இருந்தார்.

சனிக்கிழமை

அன்று பிற்பகல் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் காக்ஸ் செய்தியாளர்களைச் சந்தித்து, நீதிமன்ற ஆணையைச் செயல்படுத்துமாறு கோருவதைத் தாம் நிறுத்தப் போவதில்லை என்று அமைதியாக விளக்கினார். தம்மை நியமித்தவர் அட்டர்னி ஜெனரல் என்பதால் அவரால் மட்டுமே தம்மை நீக்க முடியும் என்றும் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தாமல், அதிபர் இறுதியில் தாம் நினைத்ததைச் செய்துகொள்ள எப்போதும் ஒரு வழி உண்டு என்பதையும் அவரே ஒப்புக்கொண்டு, 140 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு முன்னிகழ்வை எடுத்துக்காட்டினார்.

1833இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், அரசின் வைப்புத் தொகைகளை அமெரிக்க வங்கியிலிருந்து அகற்ற விரும்பினார். சட்டம் அந்த அதிகாரத்தை அதிபருக்குக் கொடுக்காமல் கருவூலச் செயலருக்குக் கொடுத்திருந்தது. லூயிஸ் மெக்லேன் அதை எதிர்த்தார்; அவர் வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட்டார். அடுத்து வந்த வில்லியம் டுவேன் ஆணையிடவும் மறுத்தார், பதவி விலகவும் மறுத்தார். செப்டம்பரில் ஜாக்சன் அவரை நீக்கினார். மூன்றாவதாக வந்த ரோஜர் டேனி ஜாக்சன் விரும்பியதைச் செய்தார். 1834இல் செனட் ஜாக்சனுக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது; டேனியின் நியமனத்தையும் நிராகரித்தது. அமைச்சரவைக்காக முன்மொழியப்பட்ட ஒருவரை செனட் நிராகரித்தது அதுவே முதல் முறை. தம்மை நீக்கப் போகும் வழிமுறை எது என்பதை, நீக்கப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே, ஒரு சட்ட ஆசிரியரின் நிதானத்தோடு காக்ஸ் நாட்டுக்குச் சொல்லிவிட்டார்.

அதன்படியே நடந்தது. அதிபரின் தலைமை அலுவலர் அலெக்சாண்டர் ஹேக் ரிச்சர்ட்சனைத் தொலைபேசியில் அழைத்து, காக்ஸை நீக்குமாறு அதிபரின் ஆணையைத் தெரிவித்தார். ஹேக் செனட்டின் ஒப்புதல் பெற்று வந்தவர் அல்லர். அவர் எந்தத் துறையின் தலைவரும் அல்லர். 1939இல் அதிபர் அலுவலகம் தனி அமைப்பாக உருவான பிறகு, துறைகளுக்கும் அதிபருக்கும் இடையில் இத்தகைய பணியாளர்களின் அடுக்கு ஒன்று வளர்ந்துவிட்டது. நிக்சன் காலத்தில் அது உச்சத்தை எட்டியது. 1972 தேர்தலில் வென்ற மறுநாளே தம் அமைச்சரவை முழுவதையும் விலகல் கடிதம் தருமாறு அவர் கேட்டிருந்தார் என்பது, துறைத் தலைவர்களை அவர் எப்படிக் கருதினார் என்பதைக் காட்டும். காக்ஸ் தொடர்பான முடிவுகளில் எதுவும் அமைச்சரவைக் கூட்டத்தில் எடுக்கப்பட்டதல்ல. ஆயினும், ஆணையைக் கொண்டுவரத்தான் ஹேக்கால் முடிந்தது. அதை நிறைவேற்றும் சட்ட அதிகாரம் துளியும் அவரிடம் இல்லை.

ரிச்சர்ட்சன் நேரில் சென்று நிக்சனைச் சந்தித்தார். மேற்காசிய நெருக்கடி தீரும் வரையாவது விலகலைத் தள்ளிப்போடுமாறும், சோவியத் தலைவர் பிரெஷ்னெவின் கண்ணில் அதிபர் பலவீனமானவராகத் தெரியக் கூடாது என்றும் நிக்சன் வலியுறுத்தினார். பொதுநலனுக்கு மேலாகத் தனிப்பட்ட வாக்குறுதியை வைப்பதாக அவர் குறைகூறியபோது, பொதுநலன் எது என்பதில் தமக்கும் அதிபருக்கும் பார்வை வேறுபடுகிறது என்ற பொருளில் ரிச்சர்ட்சன் பதிலளித்தார். செனட்டுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று பதவி விலகினார். அதிபரின் ஆணையைத் தடுக்கும் உரிமை தமக்கு இருப்பதாக அவர் வாதிடவில்லை என்பது கவனிக்கத் தக்கது. அந்த ஆணையைத் தம் கையால் நிறைவேற்ற முடியாது, ஆகவே நாற்காலியை விட்டு எழுகிறேன் என்பதே அவருடைய நிலை. 1833இல் டுவேன் எடுத்த நிலையிலிருந்து இது வேறுபட்டது. இதுவே சரியானது என்று நான் நினைக்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபரை மீறித் துறைத் தலைவர் பதவியில் ஒட்டிக்கொண்டிருந்தால், துறை யாருக்கும் பொறுப்பற்ற தனி அரசாகிவிடும்.

அடுத்த அழைப்பு துணை அட்டர்னி ஜெனரல் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸுக்குச் சென்றது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முதல் தலைவராக இருந்தவர் அவர். படைத் தலைவரின் கட்டளை இது என்று இராணுவ மொழியில் ஹேக் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அவரும் விலகினார்; ஆனால் அவர் நீக்கப்பட்டார் என்றே வெள்ளை மாளிகை அறிவித்தது.

துறையின் வாரிசு வரிசையில் மூன்றாவதாக இருந்தவர் சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க். யேல் சட்டப் பேராசிரியராக இருந்து அந்தக் கோடையில்தான் பதவிக்கு வந்தவர். செனட்டுக்கு ரிச்சர்ட்சன் அளித்த வாக்குறுதியை அவர் அளித்திருக்கவில்லை. அதிபருக்கு இந்த அதிகாரம் உண்டு என்பது அவருடைய சட்டக் கருத்து. நீக்க ஆணையில் கையெழுத்திட்டுவிட்டுத் தாமும் விலகிவிட அவர் எண்ணியபோது, விலக வேண்டாம் என்று அவரைத் தடுத்தவர்கள் ரிச்சர்ட்சனும் ரக்கல்ஸ்ஹவுஸும்தான். வரிசை அவரோடு முடிந்துபோனால் துறை தலைமையின்றிச் சிதறும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. மறுத்த இருவரையும் போற்றிக் கையெழுத்திட்ட ஒருவரைத் தூற்றும் எளிய சித்திரத்தில் இந்த உண்மை அடங்காது. போர்க் செய்தது தவறு என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தத் தவறு அவருடைய மனத்துணிவைப் பற்றியது அல்ல, விதிமுறையைப் பற்றியது. அந்த விதிமுறை அன்று இரவு நடைமுறையில் இருந்தது. காக்ஸ் எந்த முறைகேடும் செய்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை.

இரவு எட்டரை மணிக்குச் சற்று முன் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ரான் சீக்லர், காக்ஸ் நீக்கப்பட்டதையும் சிறப்பு வழக்கறிஞர் அலுவலகமே கலைக்கப்பட்டதையும் அறிவித்தார். எஃப்பிஐ அதிகாரிகள் அந்த அலுவலகத்தைத் தம் காவலில் எடுத்தனர். மக்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பிய தந்திகள் சில நாட்களில் லட்சக்கணக்கில் குவிந்தன. பிரதிநிதிகள் சபையில் பதவி நீக்கத் தீர்மானங்கள் முன்மொழியப்பட்டன. அக்டோபர் 23 அன்று நாடாக்களை ஒப்படைக்க நிக்சன் சம்மதித்தார்.

விதிமுறைக்குக் கிடைத்த சட்ட வலிமை

நவம்பர் 1 அன்று லியோன் ஜவோர்ஸ்கி புதிய சிறப்பு வழக்கறிஞராக அறிவிக்கப்பட்டார். பழைய பாதுகாப்புகளோடு இன்னொன்றும் சேர்க்கப்பட்டது: நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் சேர்ந்த எட்டுத் தலைவர்களின் இசைவு இல்லாமல் அதிபர் அவரை நீக்க மாட்டார். நவம்பர் 14 அன்று கூட்டரசு நீதிபதி கெர்ஹார்டு கெசல், காக்ஸின் நீக்கம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார். நீக்கம் நடந்த மூன்று நாட்களுக்குப் பிறகே போர்க் பழைய விதிமுறையை இரத்து செய்திருந்தார். நீக்கிய நேரத்தில் அது உயிரோடு இருந்தது. காக்ஸ் மீண்டும் பதவிக்கு வர விரும்பவில்லை என்பதால் தீர்ப்பு அவரைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

இந்த நிகழ்வின் மிக ஆழமான விளைவு 1974 ஜூலை 24 அன்று வந்தது. ஜவோர்ஸ்கி மேலும் 64 உரையாடல்களின் நாடாக்களைக் கேட்டிருந்தார். அதிபர் தரப்பின் முதன்மை வாதங்களில் ஒன்று மிகவும் எளிமையானது: சிறப்பு வழக்கறிஞர் நிர்வாகப் பிரிவின் ஊழியர், அதிபர் அப்பிரிவின் தலைவர், மேலாளுக்கும் கீழாளுக்கும் இடையிலான வீட்டுப் பூசலில் நீதிமன்றத்துக்கு வேலை இல்லை. இந்த வாதம் வென்றிருந்தால், நிர்வாகத் துறை என்பது அதிபரின் நீட்டப்பட்ட கை என்பதற்கு மேல் எதுவுமாக இருந்திருக்காது. எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அதை நிராகரித்தனர். நாடாளுமன்றம் வழக்கு நடத்தும் அதிகாரத்தை அட்டர்னி ஜெனரலிடம் கொடுத்திருக்கிறது. அவர் அதை விதிமுறை மூலம் சிறப்பு வழக்கறிஞரிடம் ஒப்படைத்திருக்கிறார். அட்டர்னி ஜெனரல் விரும்பினால் அந்த விதிமுறையை மாற்றவோ இரத்து செய்யவோ முடியும். ஆனால் அவ்வாறு செய்யாத வரை அது சட்டத்தின் வலிமை கொண்டது, அதிபர் உட்பட நிர்வாகப் பிரிவு முழுவதும் அதற்குக் கட்டுப்பட்டது. தீர்ப்பின் இப்பகுதி சொன்னது இதைத்தான். ஆகஸ்ட் 5 அன்று வெளியான நாடா ஒன்றில், விசாரணையைத் தடுக்க 1972 ஜூன் 23 அன்றே நிக்சன் வழிகாட்டியது பதிவாகியிருந்தது. ஆகஸ்ட் 9 அன்று அவர் பதவி விலகினார்.

ரிச்சர்ட்சனுக்குப் பின் வந்த நியமனத்திலும் துறைக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு ஒருமுறை வெளிப்பட்டது. நிக்சன் தேர்ந்தெடுத்த வில்லியம் சாக்ஸ்பி செனட்டராக இருந்தவர். தம் பதவிக்காலத்தில் ஊதியம் உயர்த்தப்பட்ட ஒரு பதவிக்கு நாடாளுமன்ற உறுப்பினர் நியமிக்கப்படக் கூடாது என்று அரசமைப்பு தடுக்கிறது. அட்டர்னி ஜெனரலின் ஆண்டு ஊதியத்தை 60,000 டாலரிலிருந்து பழையபடி 35,000 டாலராகக் குறைத்துச் சட்டம் இயற்றிய பிறகே அவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

பின்வந்த விதிகள்

1978இல் நாடாளுமன்றம், சிறப்பு வழக்கறிஞர் நியமனத்தை நீதிபதிகளின் குழுவிடம் ஒப்படைத்துச் சட்டம் இயற்றியது. 1988இல் மாரிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற கணக்கில் அதை ஏற்றது. 1999இல் அந்தச் சட்டம் காலாவதியானபோது நீட்டிக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரெனோ 1973ஐப் போலவே துறை விதிமுறை ஒன்றை வெளியிட்டார். சிறப்பு வழக்கறிஞரை அட்டர்னி ஜெனரல் மட்டுமே, நேரடியாகத் தாமே, உரிய காரணத்துக்காக நீக்கலாம் என்கிறது அது.

2016 தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டை விசாரிக்கும் சிறப்பு வழக்கறிஞராக 2017 மே மாதம் ராபர்ட் முல்லர் நியமிக்கப்பட்டது இந்த விதிமுறையின் கீழ்தான். அதே ஆண்டு ஜூன் 17 அன்று, முல்லரை நீக்கச் செய்யுமாறு அதிபர் டிரம்ப் வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகர் டான் மெக்கானிடம் தொலைபேசியில் கூறியதாகவும், இன்னொரு சனிக்கிழமை இரவுப் படுகொலைக்குக் காரணமாவதைவிடப் பதவி விலகுவதே மேல் என்று மெக்கான் முடிவு செய்ததாகவும் முல்லரின் அறிக்கை பதிவு செய்கிறது. டிரம்ப் இதை மறுத்தார். 1973இல் மறுப்பு துறைக்குள் நிகழ்ந்தது, அன்று இரவே நாடு அறிந்தது. 2017இல் ஆணை துறையை எட்டவே இல்லை. பல மாதங்கள் கழித்தே அது வெளியில் தெரிந்தது. நீக்க வேண்டுமானால் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்ற விதி, இரண்டு முறையும் அதிபரை இன்னொருவரிடம் கேட்கும் நிலையில் நிறுத்தியது.

2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், நீதித்துறை அதிகாரிகளுடன் அதிபர் நடத்தும் பேச்சுகளுக்காக அவர் மீது குற்ற வழக்குத் தொடர முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பேச்சின் மறுமுனையில் இருக்கும் அதிகாரிக்கு அந்தத் தீர்ப்பு அத்தகைய பாதுகாப்பு எதையும் வழங்கவில்லை. அவர் கையெழுத்திடும் ஆணைக்கு அவரே பொறுப்பு.